முதல் தந்தி வாத்தியம்: கொட்டாங்குச்சியா, பெட்டியா, யூகுலேலே கிட்டா, முழுக்கக் கைவேலையா?

தந்தி வாத்தியம் ஒன்றைத் தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். எதைச் செய்வது என்பதுதான் சிக்கல். வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னும் இரண்டு கேள்விகள் கூடவே வரும்: மரம் எங்கே வாங்குவது, நம்ம ஊர் வெயிலில் ஒட்டினது நிற்குமா?

தச்சு வேலை தெரியாதவர் வீட்டு மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ செய்யக்கூடியவை என்று பார்த்தால் நான்கு வழிகள் உண்டு. கொட்டாங்குச்சி ஏக்தாரா (ஒற்றைத் தந்தி வாத்தியம்), மரப்பெட்டியில் தண்டி செருகிய மூன்று தந்தி வாத்தியம், யூகுலேலே (நான்கு தந்தி உள்ள சின்ன கிட்டார் போன்றது) கிட், அதாவது பாகங்களாக வரும் செட், பலகையிலிருந்து முழுக்கக் கையால் செய்யும் யூகுலேலே. தம்புரா, வீணை ஆசை உள்ளவர்களுக்கும் கீழே ஒரு பத்தி இருக்கிறது. ஆனால் அது நல்ல செய்தி இல்லை.

சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். வீணைக்காரர்கள் சொல்கிறபடியே, கழுத்துக்குத் தண்டி, தலைப்பக்கம் தந்தி ஏறி இறங்கும் மேட்டுக்கு மேரு, உடல் மேல் தந்தியைத் தாங்குவதற்குக் குதிரை, சுர இடம் காட்டத் தண்டியில் பதிக்கும் கம்பியான ஃப்ரெட்டுக்கு மெட்டு.

## எதை வைத்து அளப்பது?

விலையை முதல் அளவுகோலாக வைத்தால் தப்பான வாத்தியத்தில்தான் போய் நிற்பீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, செய்த தவறைப் பிறகு திருத்த இடம் இருக்கிறதா என்பது. முதல் வாத்தியத்தில் மூன்று தவறுகள் கிட்டத்தட்ட நிச்சயம்: தண்டி ஒரு நூல் கோணலாக உட்காரும், குதிரை இரண்டு மி.மீ. தள்ளி நிற்கும், தந்தி உயரமாகிவிடும். குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும் வாத்தியத்தில் இதில் இரண்டை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். குதிரையை ஒட்டிவிட்ட வாத்தியத்தில் அதே தவறு ஒரு வார வேலை.

அடுத்தது, சாமான்கள் ஊரில் கிடைக்குமா என்பது. தந்தி கிடைக்கும், பழைய தேக்கு கிடைக்கும், 4 மி.மீ. பிளைவுட் கிடைக்கும். மெட்டுக் கம்பிக்கும் அதற்கான ரம்பத்துக்கும் ஆன்லைன்தான், இல்லையென்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை. மூன்றாவது, வெயிலும் ஈரமும். நான்காவது, அதில் என்ன வாசிக்கப் போகிறீர்கள். கருவிச் செலவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வழியிலும் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## வேலூர் வெயிலும் மரமும்

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஈரம் கோக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் ஈரம் ஏறினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு மி.மீ. கனத்தில் இழைத்த பலகைக்கு இதுதான் எமன்.

மழைக்காலத்தில் ஒட்டி மூடிய வாத்தியம் மே மாதத்தில் சுருங்கப் பார்க்கும். அடியில் குறுக்கே ஒட்டிய தாங்குகட்டைகள் விடாது. பலகை பிளக்கும். காய்ந்த காலத்தில் ஒட்டியது மழையில் லேசாக உப்பும், தந்தி கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். உப்பினது அடங்கும், பிளந்தது கூடாது. அதனால் மேல்பலகை ஒட்டும் வேலையைத் தை மாதத்திலிருந்து சித்திரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். வெட்டிய துண்டின் மேல் தேதியைப் பென்சிலால் எழுதி, சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஒரே எடை காட்டினால் அது உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது. புதிதாக அறுத்த மரம் என்றால் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அந்தக் காத்திருப்பு இல்லாத ஒரே மரம், இடித்த வீட்டின் கதவு நிலை, ஜன்னல் சட்டம். பழைய மரச்சாமான் கடையில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டம் கேளுங்கள். ஆணி ஓட்டையும் பெயின்ட்டும் இருந்தால் விலை குறையும். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளியை வைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இயந்திரம் வந்த பைன் பெட்டிகள் பழைய விலைக்கு வருவதுண்டு. நெருக்கமான ரேகை உள்ள பைன் துண்டு மேல்பலகைக்கு உண்மையிலேயே நல்ல மரம். பெட்டியில் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஈட்டி, செம்மரம், சந்தனம் மூன்றையும் ரசீது இல்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிற பகுதி இது. ஒரு துண்டுக் கட்டைக்காக வனத்துறைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண வெள்ளைப் பசை மர வேலைக்குப் போதும். ஆனால் நாள் முழுக்க இழுவையில் இருக்கும் இணைப்பு சூடானால் அது மெல்ல நழுவும். கண்ணாடி ஏற்றிய காரில் மே மாத மதியம் வாத்தியத்தை வைத்தால் தண்டி முன்னால் சாய்ந்திருக்கும், குதிரை கழன்றிருக்கும். தச்சர்கள் பழைய காலத்தில் காய்ச்சிய வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுப்பது) அருமையான பசை, சூடு காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். ஆனால் சூட்டை 60 டிகிரி பக்கத்திலேயே பிடித்துவைக்க வேண்டும், ஒட்ட ஒரு நிமிஷம்கூட அவகாசம் தராது. முதல் வேலைக்கு அது வேண்டாம்.

## கொட்டாங்குச்சி ஏக்தாரா

இரண்டு நாள் வேலை. பெரிய தேங்காயின் கொட்டாங்குச்சி (வாய் நான்கரை அங்குலம் இருந்தால் நல்லது), இரண்டரை அடி மூங்கில் அல்லது தேக்குக் குச்சி, ஒரு தந்தி, ஒரு பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை). குச்சி கொட்டாங்குச்சியின் இரு பக்கமும் துளைத்து வெளியே வரும். மேலே தோல்.

தோலில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்கள் இருக்கும்போது தோலுக்கா பஞ்சம் என்று தோன்றும். தொழிற்சாலையிலிருந்து வருவது பதனிட்ட தோல். செருப்புக்கும் பைக்கும் மிருதுவாக இருக்கச் செய்தது. அதை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் டொப்பென்று செத்த சத்தம்தான் வரும். வேண்டியது மயிர் நீக்கிய, பதனிடாத ஆட்டுத் தோல். பம்பை, உடுக்கைக்குத் தோல் மாற்றுகிறவர்களிடம் கேட்டால் ஓரத் துண்டு கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்து, துணி போல் ஆனதும் இழுத்துக் கட்டி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கிழியும்.

இதில் தவறு செய்ய இடமே குறைவு. குதிரை ஒரு சின்னக் கட்டை, எங்கே வேண்டுமானாலும் நகரும். குறை என்னவென்றால் மழையில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். அதோடு தண்டி நேராக்குவது, மேரு வெட்டுவது, மெட்டு அளவெடுப்பது எதையும் இது கற்றுத்தராது. பஜனைக்குச் சுருதி போட வேண்டும், அல்லது எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு விடுமுறையில் செய்து முடிக்க வேண்டும் என்றால் இதுவே சரி.

## மூன்று தந்திப் பெட்டி

மரப்பெட்டி ஒன்று, அதன் குறுக்கே முழு நீளமும் ஓடும் ஒரே தண்டி. தந்தியின் இழுவை முழுவதையும் தண்டியே தாங்குவதால் பெட்டி எவ்வளவு மெலிந்திருந்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு ஏற்பாட்டில்தான் இதன் சாமர்த்தியம் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று ஸ்டீல் தந்தி சேர்ந்து சுமார் 30–40 கிலோ இழுக்கும். அந்தச் சுமை ஒட்டு இணைப்பு எதன் மேலும் விழுவதில்லை.

தண்டி: தேக்கு, 3 அடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்து நேரானதைப் பொறுக்குங்கள். ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட வேண்டும், பக்கவாட்டில் வெளியேறக்கூடாது. தலைப்பக்கம் ஆறு அங்குல நீளத்துக்கு மேல் முகத்தில் கால் அங்குலம் குறைத்துவிடுங்கள். அப்போதுதான் தந்தி மேருவை அழுத்தி இறங்கும். இதைக் குறைக்காமல் விட்டால் தந்தி மேருவில் உட்காராமல் கரகரக்கும். முதல் வாத்தியத்தில் வரும் 'ஏதோ சத்தம்' என்ற புகாரில் பாதி இதுதான்.

பெட்டி: 9 × 6 × 2½ அங்குலம் பக்கத்தில் எதுவானாலும் சரி. பரணில் கிடக்கும் பழைய மர அஞ்சறைப்பெட்டி கச்சிதமான அளவு. ஆனால் அதன் மூடி அரை அங்குலக் கனம், பேசாது. உள் தடுப்புகளையும் எடுத்துவிட்டு, மூடிக்குப் பதில் 3 அல்லது 4 மி.மீ. பிளைவுட்டை ஒட்டுங்கள். முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை, அலமாரி செய்கிற பட்டறையில் கழிவுத் துண்டு போதும். மஞ்சள், மிளகு வாசனை போகவே போகாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பெட்டியின் இரு முனையிலும் தண்டிக்கு வாய் வெட்டியதும், பெட்டிக்குள் வரும் பகுதியில் தண்டியின் மேல் முகத்தை 4 மி.மீ. தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் மேல்பலகை தண்டியில் இடித்துக்கொண்டு ஊமையாகிவிடும்.

மேருவும் குதிரையும்: 6 மி.மீ. போல்ட் இரண்டு. மரையின் பள்ளத்தில் தந்தி தானாக உட்காரும். பின்முனையில் தந்தி மாட்ட ஒரு கதவுக் கீல். மேருவிலிருந்து குதிரைக்கு 635 மி.மீ. குதிரையை ஒட்டவே வேண்டாம். 12ஆம் மெட்டு இடத்தில் (317.5 மி.மீ.) தந்தியை அழுத்தினால் வரும் சுரமும், அங்கே விரலைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்துங்கள்.

சுருதி சேர்க்கும் கீ ஆறு கொண்ட கிட்டார் செட் வாங்கினால் இடப்பக்க மூன்று ஒரு வாத்தியத்துக்கு, வலப்பக்க மூன்று அடுத்ததற்கு. அடுத்தது நிச்சயம் செய்வீர்கள்.

தந்தியைப் பாடுகிறவர் சுருதிக்கு ஏற்றபடி எடுக்கலாம். கிட்டார் செட்டின் 5, 4, 3ஆம் தந்திகளை ஜி–டி–ஜி என்று சேர்த்தால் ஐந்து கட்டையில் ச–ப–ச. 6, 5, 4ஆம் தந்திகளை டி–ஏ–டி என்று சேர்த்தால் இரண்டு கட்டை. மெட்டே போடாமல் கோட்டு வாத்தியம்போல் ஒரு வழுவழுப்பான கட்டையோ கண்ணாடிக் குழாயோ வைத்து இழுத்தால் கமகம் வருகிறது. யூகுலேலேயில் இது நடக்காது.

மெட்டு வேண்டுமென்றால்தான் மறை செலவு. மெட்டுக் கம்பியின் அடிநாக்கு சுமார் அரை மி.மீ. கனம். சாதாரண ஹாக்ஸா பிளேடு போடும் வெட்டு கிட்டத்தட்ட ஒரு மி.மீ. கம்பி பல் ஆடுவதுபோல் ஆடி வெளியே வரும். அதற்கென்று 0.6 மி.மீ. வெட்டும் ரம்பம் தனியாக வாங்க வேண்டும், தண்டியின் விலையைவிட அது அதிகம். அளவுக் கணக்கு எளிது: மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போவது. 635க்கு முதல் மெட்டு 35.64 மி.மீ.யில். எல்லா அளவையும் மேருவிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய குறியிலிருந்து அடுத்ததை அளந்தால் அரை அரை மி.மீ.யாகத் தவறு சேர்ந்து 12ஆவதில் நாராசமாகிவிடும்.

## யூகுலேலே கிட்

'கிட்' என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. விலை குறைந்ததில் உடல் ஏற்கெனவே ஒட்டி மூடியிருக்கும். நீங்கள் செய்வது தண்டி ஒட்டுவது, குதிரை ஒட்டுவது, வண்ணம் பூசுவது. நேர்மையாகச் சொன்னால் அது பெயின்ட் வேலை. மற்றதில் வளைத்த பக்கப்பலகை, மேல்பலகை, அடிப்பலகை, தாங்குகட்டைகள், மெட்டு வெட்டிய விரல்பலகை எல்லாம் தனித்தனியாக வரும். விற்பனைப் படத்தைப் பார்த்து உடல் மூடியதா திறந்ததா என்று உறுதி செய்யுங்கள். 21 அங்குலம் என்றால் சோப்ரானோ, 23 கான்சர்ட், 26 டெனர். பெரியவர் கைக்கு 23.

கிட்டின் பெரிய லாபம், மெட்டு இடங்கள் ஏற்கெனவே சரியாக இருப்பது. பெரிய ஆபத்து, குதிரை. கான்சர்ட்டில் மேருவிலிருந்து 380 மி.மீ. என்றால் குதிரையின் தந்தி விளிம்பு 382இல் நிற்க வேண்டும், தந்தியை அழுத்தும்போது சுரம் கொஞ்சம் ஏறுவதற்கான ஈடு அது. வார்னிஷ் மேல் ஒட்டிய குதிரை ஒரு மாதம் தாங்கினால் அதிசயம். ஒட்டும் இடத்தைப் பிளேடால் மரம் தெரியச் சுரண்டுங்கள். தண்டியை ஒட்டுமுன் மேருவின் நடுவிலிருந்து பின்முனையின் நடு வரை நூல் கட்டிப் பாருங்கள், நூல் குதிரைக் குறியின் நடுவில் போக வேண்டும்.

இங்கே மறை செலவு கிளாம்ப். திறந்த கிட்டுக்கு உடலைச் சுற்றி இருபது இடத்திலாவது பிடிக்க வேண்டும். சைக்கிள் டியூபை அரை அங்குல நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டினால் பாதிச் செலவு மிச்சம். மீதிக்குக் கெட்டியான துணி கிளிப். மழைக்காலத்தில் பார்சல் வந்தால் வளைத்த பக்கப்பலகை கொஞ்சம் விரிந்திருக்கும், வடிவத்துக்கு வெட்டிய கட்டைக்குள் இரண்டு நாள் இறுக்கி வைத்துவிட்டு ஒட்டுங்கள். கோடையில் விரல்பலகை சுருங்கி மெட்டு முனைகள் கையைக் குத்தினால் அது பழுதில்லை, சின்ன அரத்தால் முனையை மழித்துவிட்டால் போதும்.

விடுதி அறையில் இருப்பவர், அறுக்கவோ இழைக்கவோ இடமில்லாதவர், ஏற்கெனவே யூகுலேலே வாசிக்கத் தெரிந்தவர் இவர்களுக்குக் கிட். ஆனால் இதே விலைக்குச் செய்து முடித்த யூகுலேலேயே கடையில் இருக்கிறது. பணம் மிச்சமாகும் என்று மட்டும் எடுக்காதீர்கள்.

## முழுக்கக் கையால் யூகுலேலே

பலகையிலிருந்து தொடங்குவது. மேல்பலகை 2 மி.மீ., பக்கப்பலகை 1.6 முதல் 1.8 மி.மீ. இந்தக் கனத்தை மரம் அறுக்கும் மில்லில் தரமாட்டார்கள், 5 மி.மீ. கேட்டாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் 5 மி.மீ. பலகையைக் கையால் இழைத்து இறக்க வேண்டும். பாதி மரம் சுருளாகக் கீழே விழும். இழைப்புளிக் கத்தியைத் தீட்டத் தெரியாதவர் இங்கேயே நின்றுவிடுவார். தீட்டுக்கல், நல்ல இழைப்புளி, கனம் அளக்க வெர்னியர், மெட்டு ரம்பம், ஆழமான கிளாம்ப் என்று கருவிக்குப் போகும் காசு மரத்தைப்போல் பல மடங்கு.

பக்கம் வளைப்பது இரண்டாவது சோதனை. இரண்டு அங்குல இரும்புக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி, தெளித்த தண்ணீர் துள்ளி ஓடும் பதத்தில் நனைத்த பலகையை மெல்ல உருட்டி அழுத்துவது. ரேகை சாய்ந்த பலகை இடுப்பு வளைவில் படக்கென்று ஒடியும். அதனால் இரண்டு பக்கத்துக்கு நான்கு பலகை இழைத்து வையுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுமுன் தின்னர் தொட்டுத் துடைக்காவிட்டால் இணைப்பு பிடிக்காது.

செய்ய முடியாததில்லை. நான்கு நைலான் தந்தி சேர்ந்து 15–20 கிலோதான் இழுக்கும் என்பதால் கிட்டாரைவிட மன்னிக்கும் வாத்தியம் இது. ஆனால் இரண்டாவதாகச் செய்யுங்கள்.

## தம்புரா, வீணை?

பலாமரம் ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் இருக்கிறதே என்று கேட்பார்கள். மரம் இருக்கிறது. குடம் குடைய வேண்டிய கனத்துக்குக் கட்டை காய்வதற்குள் நாலைந்து வருஷம் போய்விடும். வாச்சியால் குடைந்து சுவரைச் சீராக மெலிய வைப்பது தஞ்சாவூரில் தலைமுறையாகப் பழகிய கை வேலை. தம்புராவின் ரீங்காரம் வேண்டுமென்றால் மேலே சொன்ன பெட்டியில் போல்ட்டுக்குப் பதில் தட்டையான அகலக் குதிரை வைத்து, தந்திக்கு அடியில் ஒரு பஞ்சு நூலை நகர்த்திப் பாருங்கள். ஜீவா, அதாவது அந்த நூலால் எழும் ரீங்காரம், அதில் ஓரளவு பிடிபடும்.

## ஒரே பார்வையில்

| | ஏக்தாரா | மூன்று தந்திப் பெட்டி | யூகுலேலே கிட் | முழுக் கைவேலை |
|---|---|---|---|---|
| வேலை நாள் | 2 நாள் + தோல் காய்தல் | 4–5 வார இறுதி | 2–4 வார இறுதி | 4 மாத வார இறுதிகள் |
| கருவியோடு உத்தேசச் செலவு | ரூ.700க்குள் | ரூ.1,500–2,500 (மெட்டு இல்லாமல்) | ரூ.2,500–4,500 | ரூ.8,000க்கு மேல் |
| குதிரை இடம் தவறினால் | நகர்த்தலாம் | நகர்த்தலாம் | கழற்றி ஒட்ட வேண்டும் | கழற்றி ஒட்ட வேண்டும் |
| கோடை | தோல் விறைக்கும் | அநேகமாக ஒன்றுமில்லை | மெட்டு முனை நீட்டும் | பலகை பிளக்கலாம் |
| மழை | சுருதி இறங்கும் | தந்தி சற்று உயரும் | தந்தி சற்று உயரும் | தந்தி உயரும் |
| ஊரில் கிடைக்காதது | எதுவுமில்லை | மெட்டுக் கம்பி, ரம்பம் | கிட் முழுவதும் | மெட்டுக் கம்பி, ரம்பம், மெல்லிய பலகை |

எங்கள் தீர்ப்பு பெட்டிக்குத்தான், முதல் தடவை மெட்டு இல்லாமல். தண்டி நேராக்குவது, மேரு உயரம், குதிரை இடம் என்று பெரிய வாத்தியத்துக்கு வேண்டிய மூன்றையும் இது பழக்கும், மூன்றிலும் தவறினால் திரும்ப விடும். பாடத் தெரியாத, ஸ்லைடு வைத்து இழுக்க விருப்பமில்லாத, கிட்டார்போல் பல சுரங்களை ஒன்றாக அழுத்தி (கார்டு பிடித்து) பாட்டு வாசிக்கவே செய்கிறவருக்கு மட்டும் இது ஏமாற்றம் தரும். அவர் திறந்த கிட்டை வாங்கட்டும்.

இது மழைக்காலமாக இருந்தால் இப்போதைக்குத் தேக்குச் சட்டத்தை மட்டும் வாங்கி, அளவைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, பீரோ மேல் படுக்க வைத்து வாரா வாரம் நிறுத்து வாருங்கள். தை பிறந்ததும் தண்டியை இழையுங்கள். தந்தி மாட்டும் நாளில் முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டாம். முதல் நாள் மூன்று சுரம் குறைவாக வைத்து, மூன்று நாளில் ஏற்றி, நான்காம் நாள் தண்டி மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி சரி. இரண்டு கார்டு தாராளமாக நுழைந்தால் தந்தியைத் தளர்த்திவிட்டு, இன்னும் மெலிந்த செட்டிலிருந்து அதே எண் தந்திகளை மாட்டுங்கள்.